17 வயதுப் பையன் தொப்பியை மாற்றினால் ஊருக்கு ஏன் இவ்வளவு கோபம்?

கேள்வி சுருக்கமாக இது: அமெரிக்காவில் பள்ளியில் படிக்கிற ஒரு ஃபுட்பால் வீரன் “நான் இந்தக் கல்லூரிக்குத்தான் விளையாடப் போகிறேன்” என்று அறிவிக்கிறான். அவனை நேரில் பார்த்தே இராத நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் ஒரு பக்கம் கொண்டாடுகிறார்கள், இன்னொரு பக்கம் திட்டித் தீர்க்கிறார்கள். ஏன்? கல்லூரி விளையாட்டில் இப்போது பெரும்பணம் புழங்குவதால் வந்த வினையா இது?

பணம் காரணமில்லை என்பது என் பதில். வீரர்களுக்கு வெளிப்படையாகப் பணம் வர ஆரம்பித்தது 2021 ஜூலையில். இந்தக் கொண்டாட்டமும் வசவும் அதற்கு வெகுகாலம் முன்பே இதே சூட்டோடு இருந்தன. ரசிகர்கள் அந்தப் பையனைப் பற்றிப் பேசுவதுபோலத் தெரியும். அவர்கள் பேசுவது தங்கள் கல்லூரிக்கு இன்னும் மவுசு இருக்கிறதா என்பதைப் பற்றித்தான். பையன் அதற்கு ஒரு சாட்சி, அவ்வளவே.

ஏற்பாடு எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே ஃபுட்பால் என்றால் தலைக்கவசம் போட்டு மோதிக்கொள்ளும் அமெரிக்கன் ஃபுட்பால். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் சேரும் வீரர்கள் ஏறக்குறைய எல்லோரும் கல்லூரி அணிகள் வழியாகத்தான் வருகிறார்கள். கல்லூரிகள் பள்ளிகளைச் சல்லடை போட்டுத் தேடும். நல்ல வீரனுக்கு ஒன்பதாம், பத்தாம் வகுப்பிலேயே ஸ்காலர்ஷிப் அழைப்புகள் குவியும். அவன் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்து வாய்மொழியாகச் சொல்வதற்குக் ‘கமிட்’ ஆவது என்று பெயர். அது யாரையும் கட்டுப்படுத்தாது, நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம். மாற்றிக்கொண்டால் அது ‘ஃப்ளிப்’. கையெழுத்துப் போடும் நாள் முன்பு பிப்ரவரி முதல் புதன்கிழமை. 2017 முதல் டிசம்பரிலும் ஒரு வாய்ப்பு வந்தது, இப்போது பெரும்பாலானவர்கள் டிசம்பரிலேயே முடித்துவிடுகிறார்கள்.

இந்த வீரர்களுக்கு நட்சத்திர மதிப்பெண் போடுவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈஎஸ்பிஎன் எல்லாம் அந்த வேலையைச் செய்கின்றன. ஐந்து நட்சத்திரம் என்றால் உச்சம், ஆண்டுக்குச் சுமார் முப்பது பேருக்குத்தான் கிடைக்கும். என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டின் முதல் சுற்றில் 32 பேர் தேர்வாவார்கள் அல்லவா, அந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் 247ஸ்போர்ட்ஸ் ஐந்து நட்சத்திரம் தருகிறது. ஆக, பையன் கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன்பே அவன் எதிர்காலத்துக்கு விலைச்சீட்டு ஒட்டியாகிவிட்டது.

இப்போது ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். 2021 டிசம்பர் 15. ஜார்ஜியா மாநிலத்தில் சுவானீ என்ற ஊர், காலின்ஸ் ஹில் உயர்நிலைப் பள்ளி. டிராவிஸ் ஹண்டர் அறிவிப்புக்காக உட்கார்ந்திருக்கிறான். பந்தைப் பிடிக்கிற ரிசீவராகவும் ஆடுவான், எதிரணி ரிசீவரைத் தடுக்கிற கார்னர்பேக்காகவும் ஆடுவான். இரண்டையும் ஒரே ஆட்டத்தில் செய்கிறவர்கள் இந்தக் காலத்தில் அபூர்வம். 247ஸ்போர்ட்ஸ் பட்டியலில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் அவனுக்கு. 2020 மார்ச்சிலேயே ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குக் கமிட் ஆகியிருந்தான், ஏறக்குறைய 21 மாதம் அந்த வார்த்தையில் நின்றும் இருந்தான். அந்த அணி அப்போது பரிதாபமான நிலையில் இருந்தது. அந்த ஆண்டு 5 வெற்றி, 7 தோல்வி. செப்டம்பரில் ஜாக்சன்வில் ஸ்டேட் என்ற இரண்டாம் அடுக்கு அணியிடம் கடைசிப் பந்தில் தோற்றிருந்தது. இருட்டில் அந்த ரசிகர்களுக்குக் கையில் இருந்த ஒரே விளக்கு ஹண்டர்.

பையன் மேஜைமேல் இருந்த, அழைத்த கல்லூரிகளின் தொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து வீசினான். கடைசியில் தலையில் ஏறியது ஜாக்சன் ஸ்டேட் தொப்பி. மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில் இருக்கும், கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் அது. ஃபுட்பாலில் இரண்டாம் அடுக்கு. தரவரிசையின் உச்சியில் இருந்த ஒருவன் அந்த அடுக்குக்கு இறங்கிப் போனதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அங்கே அப்போது பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸ். அவர் யார் தெரியுமா? ஃப்ளோரிடா ஸ்டேட்டின் வரலாற்றிலேயே மிகப் பெரிய பெயர்களில் ஒருவர், அவர் அணிந்த 2ஆம் எண் சட்டைக்கு அந்தப் பல்கலைக்கழகம் ஓய்வு கொடுத்துக் கௌரவித்திருக்கிறது. தன் பழைய கல்லூரியின் விளக்கையே அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்!

ஃப்ளோரிடா ஸ்டேட் ரசிகர்களின் எதிர்வினை பல திசையில் போனது. சிலருக்கு ஹண்டர்மேல் கோபம். சிலருக்கு டியான்மேல், சொந்த வீட்டில் கைவைத்தவர் என்று. ஆனால் நிறையப் பேருக்குக் கோபம் தங்கள் பயிற்சியாளர் மைக் நார்வெல்மீதும், பல்கலைக்கழக நிர்வாகத்தின்மீதும்தான். “இரண்டாம் அடுக்குக் கல்லூரியிடம் முதலிடத்து வீரனைப் பறிகொடுத்தவர் இங்கே எதற்கு?” என்ற கேள்வி அன்று முழுக்க ஓடியது. இதுதான் நான் முதலில் சொன்ன விஷயத்தின் நெஞ்சு. பையன் இல்லாமல் அடுத்த ஆண்டு எத்தனை ஆட்டம் போகும் என்று அன்றைக்கு யாரும் கணக்குப் போடவில்லை. நம் கொடி இறங்கிவிட்டதே என்பதுதான் பேச்சு. பயிற்சியாளர் பாபி பௌடன் காலத்தில் 1993இலும் 1999இலும் தேசியப் பட்டம் வென்ற கல்லூரி. அதை விட்டுவிட்டு ஒருவன் ஜாக்சனுக்குப் போகிறான் என்றால் நாம் இப்போது யார்?

பணப் பேச்சும் உடனே கிளம்பியது. பதினைந்து லட்சம் டாலர் கைமாறியது என்று ஒரு வதந்தி ஓடியது, டியான் அதை மறுத்தார். தோற்றவர்களுக்கு அந்த வதந்தி ஒரு வகையில் மருந்து என்பதைக் கவனியுங்கள். “அவனுக்கு நம்மைப் பிடிக்கவில்லை” என்பதைவிட “அவனை விலைக்கு வாங்கிவிட்டார்கள்” என்பது எளிதாகத் தொண்டையில் இறங்கும்.

எதிரணி ரசிகர்கள் வேறு ரகம். மயாமி, ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆட்களுக்கு ஹண்டர் கிடைக்கவில்லை, கிடைக்கப் போவதுமில்லை. ஆனால் அன்றைக்கு அவர்களுக்குத் தீபாவளி. கல்லூரி ஃபுட்பாலில் பாதி இன்பம் தன் அணி ஜெயிப்பதில், மீதிப் பாதி அடுத்த ஊர் அணி அவமானப்படுவதில். இதை யாரும் மறைப்பதும் இல்லை.

ஜாக்சன் ஸ்டேட் பக்கம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தெற்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் 1960களின் பிற்பகுதிவரை கறுப்பின வீரர்களைச் சேர்த்ததே இல்லை. சில இடங்களில் 70களின் தொடக்கம்வரை. அந்த வீரர்களுக்கெல்லாம் ஜாக்சன் ஸ்டேட், கிராம்ப்ளிங் போன்ற கல்லூரிகள்தான் கதி. அங்கிருந்து வந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஜாக்சன் ஸ்டேட்டின் வால்டர் பேய்டனை 1975இல் சிகாகோ பேர்ஸ் எடுத்தது. என்எஃப்எல் கண்ட மிகச் சிறந்த ஓட்டக்காரர்களில் ஒருவர் அவர். பிறகு பெரிய கல்லூரிகள் கதவைத் திறந்தன. திறந்ததும் திறமை முழுக்க அந்தப் பக்கம் வடிந்தது. நீதி என்று பார்த்தால் நல்லதுதான். ஆனால் இருண்ட காலத்தில் பிள்ளைகளை ஏற்றுக்கொண்ட கல்லூரிகளுக்கு மிஞ்சியது பழம்பெருமையும் வாத்தியக் குழுவும். ஐம்பது ஆண்டுகளாக ஒரே திசையில் போன ஆறு ஒரு டிசம்பர் காலையில் திரும்பி ஓடியதுபோல இருந்தது அவர்களுக்கு. ஹண்டரும் தன் அறிக்கையில் அதைத் தொட்டிருந்தான். ஃப்ளோரிடாவில் வளர்ந்த பிள்ளையாக டியானைப் போல ஃப்ளோரிடா ஸ்டேட் இருக்கும் டல்லஹாசியில் ஆட வேண்டும் என்று கனவு கண்டவன்தான், ஆனால் அதைவிடப் பெரிய ஒன்று அழைக்கிறது, மற்ற வீரர்களுக்கும் இந்த வழி திறக்கட்டும் என்ற பொருளில் எழுதியிருந்தான். அந்தக் கல்லூரிகளில் படித்த பாட்டிமார்கூட அன்று கொண்டாடியிருந்தால் ஆச்சரியமில்லை. அது ஃபுட்பால் கொண்டாட்டமாக மட்டும் இருக்கவில்லை.

சரி, ஒருவன் வர மாட்டேன் என்று முதலிலேயே சொன்னால் இவ்வளவு கோபம் வருமா? வராது. நம்மூர்க் கல்யாண வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பெண் பார்த்துவிட்டுப் போய் ‘சரிப்படாது’ என்று சொல்லியனுப்பினால் ஒரு வாரம் வருத்தம். நிச்சயதார்த்தம் முடிந்து பத்திரிகை அடித்த பிறகு மாப்பிள்ளை வேறு வீட்டில் உட்கார்ந்தால் அது வேறு விஷயம். ஊர் முன்னால் தலை குனிவு. கமிட் ஆன வீரனை ரசிகர்கள் அந்த மாதங்களிலேயே தங்கள் ஆளாக்கிவிடுகிறார்கள். அவன் பள்ளி ஆட்டங்களைப் பார்க்கிறார்கள், பிறந்த நாளுக்கு வாழ்த்துகிறார்கள், மற்ற வீரர்களையும் அவன் இழுத்து வருவான் என்று நம்புகிறார்கள். விதிப்படி அவன் ஒரு சொல்லைத் தவிர எதையும் தரவில்லை, அதை மாற்ற அவனுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் சொல் தவறினான் என்பதுதான் அவர்கள் காதில் விழுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. தொழில்முறை லீக்கில் புது வீரன் அணியைத் தேர்ந்தெடுப்பதில்லை. என்எஃப்எல் டிராஃப்ட்டில் அணிதான் அவனை எடுக்கும், எடுத்த இடத்துக்கு அவன் போயாக வேண்டும். அதனால் ஒருவன் டல்லஸுக்குப் போனால் சிகாகோ ரசிகனுக்கு அவமானமில்லை. கல்லூரியில் தலைகீழ். எல்லா அழைப்பையும் விரித்து வைத்து, எல்லா ஊரையும் போய்ப் பார்த்து, ஒன்றை அவனே தேர்ந்தெடுக்கிறான். ஆகவே அது ஒரு தீர்ப்பு. அலபாமா, லூயிசியானா, நெப்ராஸ்கா மாதிரி இடங்களில் இந்தத் தீர்ப்பு இன்னும் அழுத்தமாக இறங்கும். அலபாமாவிலும் நெப்ராஸ்காவிலும் என்எஃப்எல் அணியே கிடையாது, லூயிசியானாவில் நியூ ஆர்லியன்ஸில் ஒன்றுதான். மாநிலத்தின் கௌரவத்தைத் தூக்கிச் சுமப்பது கல்லூரி அணிதான். லூயிசியானா ஸ்டேட்டின் டைகர் ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர். அந்த ஊர்களின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும், இது பொழுதுபோக்கு என்ற எல்லையைத் தாண்டிவிட்டது என்று.

பணத்துக்கு முந்தைய காலத்துக்கு வருவோம். 2012 ஜனவரி. லூயிசியானாவைச் சேர்ந்த லாண்டன் காலின்ஸ் என்ற பாதுகாப்பு ஆட்டக்காரர், ஈஎஸ்பிஎன் நேரலையில், நட்சத்திரப் பள்ளி வீரர்கள் ஆடும் ஆட்டத்துக்கு நடுவே, தான் அலபாமாவுக்குப் போவதாக அறிவிக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம் சுருங்குகிறது, தலையை ஆட்டுகிறார். மைக்கை நீட்டியதும் தனக்குப் பிடித்தது லூயிசியானா ஸ்டேட்தான் என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார்! சில நாள் கழித்து அந்த இரண்டு கல்லூரிகளும்தான் தேசியப் பட்டத்துக்காக நியூ ஆர்லியன்ஸில் மோதவிருந்தன. அந்த ஆட்டத்தில் அலபாமா 21-0 என்று ஜெயித்தது. சொந்த மாநிலப் பையன், அதுவும் அந்த வாரத்தில், எதிரியிடம் போனதை லூயிசியானாக்காரர்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாலே தெரியும். மாநிலம் முழுக்க நினைத்ததை அவர் டிவியில் காட்டிவிட்டார்.

2013 பிப்ரவரியில் இன்னொரு கூத்து. ஃப்ளோரிடாவின் அலெக்ஸ் காலின்ஸ் ஆர்க்கன்ஸாவுக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தார். மகன் வீட்டுக்குப் பக்கத்தில் மயாமியிலேயே ஆட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. கையெழுத்து நாளன்று அம்மா ஒப்பந்தக் கடிதத்தோடு மாயமானார் என்று செய்தி பரவ, ஆர்க்கன்ஸா ரசிகர்கள் ஒரு நாள் முழுக்க நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அப்பா கையெழுத்துப் போட்டார். காலின்ஸ் அங்கே போய் மூன்று சீசனிலும் ஆயிரம் யார்டுக்கு மேல் ஓடினார். 2023 ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவர் இறந்தபோது ஆர்க்கன்ஸாவே கலங்கியது. வந்த விதத்தை வைத்துச் சிரித்தவர்கள்தான் அத்தனை பேரும்.

2011இல் சைரஸ் குவான்ஜியோ விவகாரம் இதைவிடக் கொடுமை. டிவியில் ஆபர்ன் என்று அறிவித்துவிட்டார். ஆபர்ன் ஒரு மாதம் முன்புதான் தேசியப் பட்டம் வென்றிருந்தது, அதனால் கொண்டாட்டம் இரட்டிப்பு. ஆனால் கடிதம் வரவில்லை. மூன்று நாள் கழித்துக் கடிதம் போய்ச் சேர்ந்த இடம் பரம எதிரி அலபாமா. அந்தக் காலத்தில் கையெழுத்திட்ட கடிதம் ஃபேக்ஸில் வரும். ஃபேக்ஸ் எந்திரத்துக்கு முன்னால் கேமரா வைத்து நேரலையாகக் காட்டிய கல்லூரிகள்கூட உண்டு, அதை வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்த ரசிகர்களும் உண்டு.

இந்தச் சடங்கின் கவர்ச்சி எவ்வளவு என்றால், 2008இல் நெவாடாவின் ஃபெர்ன்லி என்ற சிற்றூரில் ஒரு மாணவன் பள்ளி அரங்கில் கூட்டம் கூட்டி, இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தொப்பியை அணிந்தான். பிறகுதான் தெரிந்தது, எந்தப் பல்கலைக்கழகமும் அவனை அழைக்கவே இல்லை என்று. ஊரே கைதட்டியிருந்தது. பாவம், அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரியவர்கள் எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று அவன் சரியாகவே புரிந்துவைத்திருந்தான்.

ஆக, பணம் வருவதற்கு முன்பே எல்லாம் இருந்தது. பணம் வந்த பிறகு மாறியது என்ன? 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. இதை என்ஐஎல் என்கிறார்கள். உடனே ரசிகர்களும் செல்வந்தர்களும் சேர்ந்து ‘கலெக்டிவ்’ என்ற நிதிக் குழுக்களை ஒவ்வொரு கல்லூரிக்கும் அமைத்தார்கள். சாதாரண ரசிகன் மாதாமாதம் சில டாலர் கட்டுகிறான். இங்கேதான் மனநிலை திரும்பியது. முன்பு அவன் பார்வையாளன், இப்போது தன்னைச் சம்பளம் கொடுக்கிறவனாக நினைத்துக்கொள்கிறான். ஆனந்தத்திலும் கணக்குப் புகுந்துவிட்டது: “இந்த விலைக்கு இவன் தகுவானா?”

2024 நவம்பர் 21 இதற்குச் சரியான உதாரணம். பிரைஸ் அண்டர்வுட், அந்த ஆண்டுப் பட்டியலின் முதலிடத்துக் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்), மிச்சிகன் மாநிலத்தின் பெல்வில் ஊர்க்காரர். அந்த ஜனவரியிலிருந்து லூயிசியானா ஸ்டேட்டுக்குக் கமிட் ஆகியிருந்தவர், கையெழுத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். வீட்டிலிருந்து அந்தப் பல்கலைக்கழகம் காரில் அரை மணி நேரம். பேசப்பட்ட தொகை ஒரு கோடி டாலருக்கு மேல் என்று செய்திகள் வந்தன. ஆரக்கிள் நிறுவனர்களில் ஒருவரான லாரி எலிசனும் அவர் மனைவியும் உதவியதாக மிச்சிகன் கலெக்டிவே நன்றி தெரிவித்தது.

லூயிசியானாவில் என்ன பேச்சு? “பணம் பேசிவிட்டது” என்பதே பெரும்பாலும். இந்த வாக்கியம் இப்போது எல்லா ஊரிலும் தயாராக இருக்கிறது, தோற்றவர்கள் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். ஆனால் அந்த அணி அப்போதுதான் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றிருந்தது. ஜோ பர்ரோவும் ஜேடன் டேனியல்ஸும் ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய கல்லூரி, குவார்ட்டர்பேக்குகளை உருவாக்கும் இடம் என்று பெருமை பேசிய கல்லூரி. ஆத்திரம் பயிற்சியாளர் பிரையன் கெல்லி பக்கம் திரும்ப நேரமாகவில்லை. பார்த்தீர்களா, மூன்று ஆண்டு முன்பு டல்லஹாசியில் நடந்ததேதான். பையன் போனான் என்பது செய்தி, நம் வீடு சரியில்லை என்பது செய்தி படித்தவர்கள் சொன்னது.

மிச்சிகனில் குதூகலம். அதற்கும் காரணம் உண்டு. அந்த ஜனவரியில்தான் 15 வெற்றி, 0 தோல்வி என்று தேசியப் பட்டம் வென்றிருந்தார்கள், பத்தே மாதத்தில் 5-5 என்று தடுமாறிக்கொண்டிருந்தார்கள். பந்து வீசத் தெரிந்த ஆள் இல்லை. ஆனால் குதூகலத்துக்குள் ஒரு நெளிவும் இருந்தது. மற்றவர்கள்போல நாங்கள் காசு கொட்டி ஆள் பிடிப்பதில்லை, படிப்பையும் பாரம்பரியத்தையும் காட்டித்தான் அழைக்கிறோம் என்று பல ஆண்டாகச் சொல்லிவந்த கூட்டம் அது. ஒரே நாளில் அந்தப் பேச்சைக் கைவிட வேண்டியிருந்தது. பெரும்பாலானவர்கள் சிரமமே படாமல் கைவிட்டார்கள். “உள்ளூர்ப் பிள்ளை வீட்டுக்குத் திரும்பினான்” என்று சொல்லிக்கொள்ள பெல்வில் வசதியாக இருந்தது. ஜெயித்தவனுக்கும் தன் மனசாட்சிக்கு ஒரு கதை வேண்டும் அல்லவா?

பணப் பேச்சு முழுக்கப் பொய்யும் இல்லை. 2022 நவம்பரில் ஜேடன் ரஷாடா என்ற குவார்ட்டர்பேக் மயாமியை விட்டு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். ஒப்பந்தத்தில் இருந்த தொகை 1.385 கோடி டாலர். அந்தப் பணம் வரவே இல்லை. சில வாரத்தில் கல்லூரியிலிருந்து விலகி அரிசோனா ஸ்டேட்டுக்குப் போனார், 2024இல் ஃப்ளோரிடாவின் பயிற்சியாளர் உள்ளிட்டோர்மீது வழக்கும் போட்டார். இதில் ரசிகர்களின் எதிர்வினை விசித்திரமானது. அவர் மாறியபோது பேராசைக்காரன் என்றார்கள் மயாமிக்காரர்கள். வழக்குப் போட்டபோது தொல்லை கொடுக்கிறான் என்றார்கள் ஃப்ளோரிடாவில் சிலர். எழுதிக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாத பெரியவர்களைச் சொல் தவறியவர்கள் என்று சொல்ல ஏனோ பலருக்கு நா எழவில்லை. 17 வயதுக்காரனிடம் எதிர்பார்க்கிற கற்பில் பாதியைக்கூட அறுபது வயதுப் பணக்காரரிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஃப்ளிப் ஆனதும் நடக்கிற இன்னொன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. நேற்றுவரை தலைமுறைக்கு ஒருவன் என்று புகழப்பட்டவன், மாறிய பத்தாவது நிமிடத்தில் “அப்படியொன்றும் பெரிய ஆளில்லை, ஓவர்ரேட்டட்” ஆகிவிடுவான். கைக்கு வந்தவன் மூன்று நட்சத்திரமாக இருந்தாலும் “நட்சத்திரமெல்லாம் சும்மா, நம் கோச் கண்ணுக்குத் தெரிந்தால் போதும்” என்பார்கள். இரண்டாவது வாதத்துக்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. பட்ரிக் மஹோம்ஸ் மூன்று நட்சத்திரம்தான். ஜாஷ் ஆலனை எந்தப் பெரிய கல்லூரியும் சீந்தவில்லை, ஒரு ஜூனியர் கல்லூரி வழியாக வயோமிங்குக்குப் போய்த்தான் மேலே வந்தார். ஆனால் தனி மனிதர்களுக்குப் பொருந்துவது மொத்தக் கணக்குக்குப் பொருந்தாது. பட் எலியட் என்ற எழுத்தாளர் ‘ப்ளூ சிப்’ விகிதம் என்று ஒன்றைப் பல ஆண்டாகக் கணக்கிட்டு வருகிறார்: ஒரு கல்லூரி சேர்த்த வீரர்களில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து நட்சத்திரமாக இருந்தால்தான் தேசியப் பட்டம் எட்டும் தூரத்தில் இருக்கும். வரலாறு பெரும்பாலும் அவர் பக்கம்தான். ரசிகனுக்கும் இது தெரியும். தெரிவதால்தான் ஒரு பையன் போனால் அவனுக்கு வலிக்கிறது, வலிப்பதால்தான் நட்சத்திரம் சும்மா என்கிறான்.

ஹண்டர் கதை பிறகு எங்கே போனது? 2022 டிசம்பரில் டியான் சாண்டர்ஸ் ஜாக்சன் ஸ்டேட்டை விட்டுக் கொலராடோவுக்குப் போனார். ஹண்டரும் பின்னாலேயே போனான். ஜாக்சன் ஸ்டேட் பக்கம் கொண்டாடியவர்களில் ஒரு பகுதி மனமுடைந்தது, இன்னொரு பகுதி “இரண்டு ஆண்டாவது உலகம் எங்களைப் பார்த்ததே, அது போதும்” என்றது. எனக்கு இரண்டாமவர்கள் சொன்னதில் நியாயம் அதிகம் தெரிகிறது, ஆனால் முதல் பகுதியின் வருத்தமும் போலியில்லை. வழி திறக்கிறேன் என்று வந்தவன் ஒரே சீசனில் அதே வழியாக வெளியே போனான். 2024 டிசம்பரில் ஹண்டர் ஹைஸ்மன் வாங்கினார், 2025 டிராஃப்ட்டில் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அவரை இரண்டாவது ஆளாக எடுத்தது.

ஃப்ளோரிடா ஸ்டேட்? துரத்த வேண்டும் என்று கத்தப்பட்ட அதே நார்வெல், ஹண்டர் இல்லாமலேயே 2023இல் 13-0 என்று கொண்டுபோனார். குவார்ட்டர்பேக் காயமடைந்ததைக் காட்டி அந்த அணியைத் தேசியப் பட்டத்துக்கான நால்வரில் சேர்க்காமல் விட்டார்கள், அது தனிக் கதை, தனி ஆத்திரம். அடுத்த ஆண்டு 2-10. ஆக, 2021 டிசம்பரில் ஹண்டர் போனதால் எல்லாம் முடிந்தது என்றவர்களும் தப்பு, ஒன்றும் ஆகாது என்றவர்களும் தப்பு.

இதையெல்லாம் அந்தப் பையன்கள் படிக்கிறார்களா என்று கேட்பீர்கள். படிக்கிறார்கள், ஃபோன் அவர்கள் கையில்தானே இருக்கிறது. கையெழுத்துக் காலம் வந்தால் பல்கலைக்கழகங்களின் விதிக் கண்காணிப்பு அலுவலகங்களே “பள்ளி வீரர்களைத் தொடர்புகொள்ளாதீர்கள்” என்று தங்கள் ரசிகர்களுக்கு அறிவிப்பு விடும். விதிமீறல் பயம்தான் காரணம், கருணை அல்ல. முடிவை மாற்றுகிற பையன்கள் தங்கள் அறிக்கையின் கடைசியில் “என் முடிவை மதியுங்கள்” என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வரியை யாரும் மதித்ததாகத் தெரியவில்லை.

இப்போது ஏற்பாடே மாறிவருகிறது. 1964 முதல் இருந்த ஒப்பந்தக் கடிதத்தை 2024 அக்டோபரில் ஒழித்துவிட்டார்கள். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் ஆண்டுக்கு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர். கல்லூரி மாறினால் ஓராண்டு உட்கார வேண்டும் என்ற விதியும் 2021லேயே தளர்ந்துவிட்டது. டிசம்பரில் கையெழுத்துப் போட்டவன் அடுத்த குளிர்காலத்தில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயரைப் போட்டு வேறு ஊருக்குப் போகலாம். அதனால் பழைய ரசிகர்கள் சிலர் பள்ளிப் பையன்களின் அறிவிப்புக்குக் குதிப்பதைக் குறைத்துவிட்டார்கள். போர்ட்டல் திறக்கிற ஜனவரிக்காகத் தங்கள் மகிழ்ச்சியையும் வசவையும் சேர்த்து வைக்கிறார்கள்.